மழைக்காகக் காய்ந்த வற்றல்

கோடையில் காய்கறி கிடைக்காது, அதனால் முன்னோர் வற்றல் போட்டு வைத்தார்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். தென்சென்னையிலுள்ள பெருங்குடியின் நிலத்தையும் மழையையும் வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் பாதிதான் தேறும். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், நடுவே தாழ்வான ஊர். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையில் தண்ணீர் நின்றால் செடியின் வேர் அழுகும், பூ உதிரும். ஆடிப்பட்டத்தில் ஊன்றி மழைக்குத் தப்பிய அவரைக்கொடி தையில்தான் காய்த்துத் தள்ளும். ஆக, காய் மிஞ்சுவது தை மாசியில், வெயில் ஏறுவது மாசி பங்குனியில், கொல்லை கைவிடுவது அடைமழையில். கோடையில் கிணறு வற்றாதா என்று கேட்கலாம். வற்றும், ஆனால் முருங்கையும் மாங்காயும் மரம் கொள்ளாமல் காய்ப்பதும் அப்போதுதான். வேப்பம்பூவையும் அப்போதுதான் மரத்தடியில் துணி விரித்துச் சேர்ப்பார்கள். காயவைத்த பூ வருஷம் முழுவதும் ரசத்துக்கு ஆகும். வற்றல் பானை பிரதானமாக மழைக்காலத்தை நம்பித்தான் நிரம்பியது என்பது என் முடிவு.

செய்முறையும் அதற்கு இசைவாகவே இருக்கிறது. சுண்டைக்காயை விதை முற்றுமுன் பறித்து, குழவியால் லேசாகத் தட்டி, தண்ணீரில் அலசி விதையைக் கொஞ்சம் போக்கிவிட்டு, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். காலையில் பிழிந்து பாயில் பரப்புவது, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுவது, மோர் வற்றும்வரை இதே வேலை. உப்பு காயின் நீரை இழுக்கிறது, புளிப்பு கெடுக்கும் கிருமியைத் தடுக்கிறது, கசப்பும் மட்டுப்படுகிறது. கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற பழமொழி இது கொல்லைக்காய் என்பதற்கு நல்ல சாட்சி. சந்தைக்குச் சுமந்து போனால் கட்டுப்படியாகாத காயை வீட்டிலேயேதான் தீர்க்க வேண்டும். உப்புக்கும் பஞ்சமில்லாத கரை இது. தெற்கே கோவளம், மரக்காணம் பக்கத்து அளங்களின் உப்பு கால்வாய்ப் படகுகளில் சென்னைக்கு வந்தது. கைக்கெட்டும் தூரத்து உப்பாயினும் விலை மலிவாக இருந்ததில்லை: 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது, உப்பு வரி ஒழிய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வற்றல் தொன்றுதொட்டு வந்தது என்று பெருமை பேசுபவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மோர் மிளகாயின் மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு வந்தது. சுண்டையின் தாயகமும் அமெரிக்க வெப்பமண்டலம்தான் என்கிறார்கள் தாவரவியலார். ஆகவே பழமை காயில் இல்லை, உப்பும் வெயிலும் சேர்ந்த முறையில் இருக்கிறது. புதிதாக வந்த காயை அந்த முறை சுலபமாக உள்ளே இழுத்துக்கொண்டது. வற்றல் மயிலாப்பூர் அக்கிரகாரத்துச் சமாச்சாரம் என்பது இன்னொரு வாதம். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ என்ற சமையல் நூலை வெளியிட்ட பிறகு, அச்சில் ஏறிய அக்கிரகாரச் சமையலே வழக்கம் என்ற எண்ணம் வலுத்தது உண்மை. ஆனால் பெருங்குடிக்குக் கிழக்கே கொட்டிவாக்கம், பாலவாக்கம் குப்பங்களில் மீன் கருவாடானதும் அதே உப்பு, அதே வெயிலில்தான். கருவாட்டுக் குழம்பில் மாங்காய் வற்றலும் கத்தரி வற்றலும் போடுகிற வீடுகளை எந்த அக்கிரகாரக் கணக்கில் சேர்ப்பது?

வழக்கத்தைக் கெடுத்தது ஃபிரிட்ஜ் என்பார்கள். ஃபிரிட்ஜ் பச்சைக்காயை ஒரு வாரம் காக்கும். தையில் பறித்த அவரையைக் கார்த்திகைவரை காக்காது. அந்தக் காத்திருப்பையே தேவையற்றதாக்கியது லாரி. கொத்தவால்சாவடி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. கர்நாடகம், ஆந்திரம், நீலகிரிக் காய்கள் எல்லாப் பருவத்திலும் அங்கே வந்து இறங்கின. கொல்லையை எடுத்துக்கொண்டது சாலை. பழைய மாமல்லபுரம் சாலை தகவல்தொழில்நுட்ப நெடுஞ்சாலையாக, பேரூராட்சியாக இருந்த பெருங்குடி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர, நிலத்தின் விலையில் அவரைப்பந்தலுக்கு இடமேது? மொட்டை மாடி அடுக்ககத்தின் பொதுச்சொத்தானது. யார் வீட்டுச் சுண்டைக்காய்க்கு யார் காக்கை விரட்டுவது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பகுதியே மூழ்கி, லாரி வர வழியில்லாதபோது, பழைய வற்றல் பானையின் கணக்கு எவ்வளவு சரி என்று தெரிந்தது.

கடையில் பாக்கெட் வற்றல் கிடைக்கிறதே என்றால், உண்மைதான். பல பாக்கெட்டுகளில் காயைவிட உப்பு தூக்கல். உப்பு இப்போது மலிவு என்பதால் இருக்கலாம். வீட்டிலேயே வற்றல் போட இன்றும் வழியுண்டு: மாடித்தோட்டம் போட அரசு விதையும் பையும் மானியத்தில் தருகிறது. அந்தப் பொட்டலத்தோடு, மிஞ்சிய காயை உப்பிலும் மோரிலும் பக்குவப்படுத்தும் முறையை அச்சிட்ட ஒரு தாளையும், காக்கைக்குத் தப்ப ஒரு வலைத்துணியையும் தோட்டக்கலைத் துறை சேர்த்துக் கொடுக்கலாம். செலவு அதிகமாகாது.