மூணு மணி பஸ்

குழந்தையைத் தூங்க வைக்க தூளி, தாலாட்டு, இப்போ ஆப் வரைக்கும் வந்தாச்சு. இன்னைக்கு எபிசோட், தூங்குற பிள்ளையை எழுப்பின கதை.

மல்லாங்கிணறு இருக்கிற இதே விருதுநகர் மாவட்டம்தான். 1985 வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு சிவகாசி திரும்பினாங்க. மழையை நம்பின கரிசல் பூமி. கூலிக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.

1970, 80-களில் ஆலை பஸ் ஊர் ஊரா வந்து, விடியக்காலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள்ள பிள்ளைகளை ஏத்திக்கும். வீடு திரும்ப ராத்திரி ஆகிடும். 3 மணி பஸ்ஸுன்னா, அம்மா ரெண்டரைக்கே எழுப்பணும். எட்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, ஒன்பதுக்குப் படுத்தா? அஞ்சரை மணி நேரம். பத்து வயசுப் பிள்ளைக்கு ஒன்பதாவது வேணும். அதுவும் குச்சி அடுக்குறதுக்கு எண்ணிக்கைக் கூலி. கண்ணு சொருகினா காசு போச்சு.

1983-ல ஸ்மிது கோத்தாரி இதை எழுதினார். 1990-ல சலம் பென்னுர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’னு ஆவணப்படமே எடுத்தார். எம்.சி. மேத்தா வழக்குல 1996-ல உச்ச நீதிமன்றம், வேலைக்கு வச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு சொல்லுச்சு.

14 வயசுக்குக் கீழே தீப்பெட்டி வேலை கூடாதுன்னு 1986 சட்டமே சொல்லியிருந்துச்சு. ஆனா குடும்பமா சேர்ந்து செய்யுற வேலைக்கு அப்போ அதுல விலக்கு இருந்துச்சு. பெட்டி ஒட்டுறது வீட்டு வேலைதானே! பஸ்ஸை இன்ஸ்பெக்டர் மறிக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு வீட்ல லைட் எரியுறதை யார் போய்ப் பார்க்கிறது?