ஒன்பது ஆபரேஷன்

சென்ற மழைக்காலத்தில், மாடிப்படியின் கடைசிப் படி எங்கே இருக்கிறது என்பது பற்றி எனக்கும் என் இடது காலுக்கும் அபிப்பிராய பேதம் ஏற்பட்டுவிட்டது. கணுக்கால் சுளுக்கிப் பூசணிக்காய் மாதிரி வீங்கிற்று. எங்கள் தெரு டாக்டர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். காலைத் தொடுவதற்கு முன்பே, "இதே காலில் முன்னே எப்போதாவது பட்டிருக்கிறதா, சார்?" என்று கேட்டார்.

"போன வருஷம் ஒரு தடவை, டாக்டர். அதற்கு முன்னாலும் ஒரு தடவை."

"அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கட்டுப்போட ஆரம்பித்தார்.

ஏன் அப்படித்தான் இருக்க வேண்டும்? சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கிடந்த நாட்களில் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதையில், கால் எலும்பு விரிந்த பிறகும் நெடுந்தூரப் பந்தயத்தை ஓடி முடிக்கிற ஒரு கதாநாயகனைப் படைத்திருந்தேன். வாசகர்கள் கண்ணீரும் பாராட்டுமாகக் கடிதம் எழுதினார்கள். அடுத்த வருஷம் அந்தக் காலின் கதி என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கதைதான் முடிந்துவிட்டதே!

கால்களின் சரித்திரத்தைத் தேடிப் போனால் அது ஓட்டக்காரர்களிடம் ஆரம்பிக்கவில்லை, சிப்பாய்களிடம் ஆரம்பிக்கிறது. 1855-ஆம் வருஷம் பிரஷ்ய ராணுவத்து வைத்தியர் ப்ரைட்ஹௌப்ட் என்பவர் ஒரு விசித்திரத்தைக் குறித்துவைத்தார். நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிக்கிறது. ஆனால் யாரும் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவும் இல்லை. வீக்கத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு வழி இல்லை. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1897-இல், ஸ்டெக்கோவ் என்ற வைத்தியர் அப்படிப்பட்ட பாதங்களைப் படம் பிடித்துப் பார்த்தார். பாதத்து எலும்புகள் முறிந்திருந்தன! வெறுமே நடந்து நடந்தே முறிந்த எலும்புகள்.

எலும்பு உயிருள்ள பொருள். பாரம் ஏறினால் அது பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். கரைக்கிற வேலை சீக்கிரம் நடந்துவிடும், கட்டுகிற வேலைக்கு அதிக நாள் பிடிக்கும். நம் ஊரில் சாலையைத் தோண்டுவது ஒரே நாளில் முடிந்து, மூடுவது மாதக்கணக்கில் நடக்கிறதே, அதே கணக்குத்தான். பள்ளம் மூடுவதற்குள் வண்டிகளை விட்டால் என்ன ஆகும்? மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓடுகிறவனுடைய எலும்புக்கும் அதுதான் ஆகிறது. தசைநார்களுக்கோ ரத்த ஓட்டம் குறைவு. அவை இன்னும் நிதானமாகவே ஆறும்.

1968-ஆம் வருஷம் அக்டோபர் 20-ஆம் தேதி மெக்ஸிகோ நகரத்தில் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. சும்மா நின்றாலே மூச்சு வாங்கும். அந்தப் பந்தயத்தில் மூன்று பேருடைய கால்களை மட்டும் நான் பின்தொடர்ந்து போனேன்.

முதலாமவர் தான்சானியாவைச் சேர்ந்த ஜான் ஸ்டீஃபன் அக்வாரி. நெரிசலில் விழுந்து முழங்காலில் பலமாக அடிபட்டது. கட்டுப்போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். வென்ற மாமோ வோல்டே வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி, இருட்டிய பிறகு, கடைசி ஆளாக அரங்கத்துக்குள் நுழைந்தார். உலகம் முழுவதும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிற காட்சி அது. என் கதாநாயகனை நான் திருடியதே அந்த மாதிரிக் காட்சிகளிலிருந்துதான் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் அக்வாரிக்குப் பட்டது ஒரு விபத்து. விழுந்தார், அடிபட்டது, ஆறிற்று. இரண்டு வருஷம் கழித்து எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் மாரத்தான் ஓடி ஐந்தாவதாக வந்தார்.

இரண்டாமவர் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. சக்கரவர்த்தியின் மெய்க்காவல் படையில் சிப்பாய். பிரஷ்யச் சிப்பாய்களுக்கு ஒருவிதத்தில் உறவு என்றே வைத்துக்கொள்ளலாம். 1960-இல் ரோமாபுரியில் செருப்பில்லாமல் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றவர். 1964-இல் டோக்கியோவில் மறுபடி வென்றார்; பந்தயத்துக்கு ஐந்து வாரம் முன்புதான் குடல்வால் ஆபரேஷன் ஆகியிருந்தது. 2 மணி 12 நிமிஷம் 11 விநாடியில் ஓடி முடித்துவிட்டு, களைத்து விழுவதற்குப் பதிலாகப் புல்தரையில் படுத்துத் தேகப்பயிற்சி செய்தார்! இந்த மனிதருக்குத் தேகம் என்று ஒன்று உண்டா என்று ஜனங்கள் வியந்தார்கள். உண்டு என்பதை 1967-இல் ஸ்பெயின் தேசத்து ஸராவுட்ஸ் மாரத்தான் காட்டிற்று. தொடைத் தசை பிசகிப் பாதியில் நின்றார். அதற்குப் பிறகு கால் பழைய கால் இல்லை. மெக்ஸிகோவில் சுமார் 17 கிலோமீட்டர் ஓடியதும் ஒதுங்கிக்கொண்டார். டோக்கியோவில் வயிற்றைக் கிழித்துத் தைத்ததை ஐந்து வாரத்தில் பொருட்படுத்தாத உடம்பு, காலில் வந்த வலியை ஒரு வருஷத்துக்கு மேலாகியும் உதறித் தள்ள முடியவில்லை. ஓடுவதற்கு வயிற்றுத் தழும்பு குறுக்கே நிற்கவில்லை, கால் நின்றது. 1969 மார்ச்சில் மோட்டார் விபத்தில் அடிபட்டு அவர் நடக்கும் சக்தியையே இழந்தது வேறு கதை. இங்கே அதைச் சேர்க்கப்போவதில்லை.

மூன்றாமவருக்காகத்தான் இந்தக் கட்டுரையே. டெரெக் கிளேட்டன், இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். ஆறடிக்கு மேல் உயரம். மாரத்தான்காரனுக்கு வேண்டாத உயரம். மெல்போர்ன் நகரத்தில் நாள் முழுவதும் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் ஓடினார். 1967 டிசம்பரில் ஜப்பானிலுள்ள ஃபுகுவோகாவில் 2 மணி 9 நிமிஷம் 36 விநாடியில் முடித்தார். அதற்கு முந்தைய உலக சாதனை 2 மணி 12 நிமிஷம். விநாடி விநாடியாகச் செதுக்கப்பட்டுவந்த சாதனையில் ஒரே வெட்டாக ஏறக்குறைய இரண்டரை நிமிஷத்தை இவர் வெட்டி எறிந்துவிட்டார்.

எப்படிப் பயிற்சி செய்தார் தெரியுமா? வாரத்துக்கு 160 மைல். சில வாரங்களில் அதற்கும் மேல். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: தினம் 23 மைல் ஆகிறது. முழு மாரத்தானே 26 மைலும் சொச்சமும்தான். அதிலும் மெதுவாக ஓடுவது என்ற வழக்கம் அவரிடம் இல்லை. வலித்தாலும் ஓடினார். குதிகாலுக்கு மேலே கயிறுபோல் போகிற தசைநார், முழங்கால், குதிகால் என்று ஒவ்வொன்றாகப் பழுதாயிற்று. ஓட்ட வாழ்க்கையில் மொத்தம் ஒன்பது ஆபரேஷன்! மெக்ஸிகோவுக்குப் போனபோதும் முழங்கால் சரியாக இல்லை, ஏழாவதாக வந்தார்.

அடுத்த வருஷம், 1969 மே மாதம், அங்காராவில் ஒரு மாரத்தான் ஓடி வென்றார். பதினொரே நாள் கழித்துப் பெல்ஜியம் தேசத்து ஆன்ட்வெர்ப்பில் இன்னொன்று. 2 மணி 8 நிமிஷம் 33 விநாடி! அந்தப் பாதையின் நீளம் சற்றுக் குறைவோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. இருந்தாலும் பன்னிரண்டு வருஷம், 1981-இல் ராபர்ட் டி காஸ்டெல்லா வரும் வரையில், அந்தக் கணக்கு அசையவில்லை. ஓடி முடித்த இரவில் கிளேட்டன் வாந்தி எடுத்தார், சிறுநீரில் ரத்தம் போயிற்று. பழைய நிலைக்கு வர ஆறு மாதம் பிடித்தது என்று அவரே பிற்பாடு சொன்னார். அந்த வேகத்தை அவர் மறுபடி எட்டவே இல்லை. 1972-இல் ம்யூனிக் ஒலிம்பிக்கில் பதின்மூன்றாவது.

இதில் பைத்தியக்காரத்தனம் எவ்வளவு, மகத்துவம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஓய்வெடுக்கத் தெரிந்த கிளேட்டனுக்குக் கால் பிழைத்திருக்கும். ஆனால் ஃபுகுவோகா நடந்திருக்குமா? நடந்திருக்கும், இன்னும் நன்றாகவே நடந்திருக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சிக்குச் சாய்கிறேன். சாய்வு நாற்காலியில் இருப்பவனுக்குச் சாய்வது சுலபம் என்று நீங்கள் சொல்லலாம்.

2007-ஆம் வருஷம் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சிலர், அதுவரை வெளிவந்திருந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி, நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குக் காலில் காயம் எதனால் வருகிறது என்று சலித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 19 பேருக்குக் காயம் என்றது ஓர் ஆராய்ச்சி. 79 பேருக்கு என்றது இன்னொன்று. வயது, உயரம் என்று எத்தனையோ காரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு உறுதியான சாட்சியம் இல்லை. உறுதியாகத் தேறியவை இரண்டே. ஒன்று, ஆண்களைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஓடுகிற தூரம் மிஞ்சிப்போவது. மற்றொன்று, முன்பே காயம் பட்டிருப்பது. எங்கள் டாக்டர் காலைத் தொடாமலே கேட்ட கேள்வி!

ஆறிவிட்டதாக நாம் நினைக்கிற இடம் முழுக்க ஆறியிருப்பதில்லை. வலித்த காலுக்குப் பரிந்துகொண்டு மற்றக் கால் அதிகப் பாரம் சுமக்கிறது. இவையெல்லாம் அதற்கு வைத்தியர்கள் சொல்லும் காரணங்கள். எனக்குத் தோன்றுவது இன்னொன்று: கால் மாறினாலும் ஆள் மாறுவதில்லை. முதல் தடவை காயப்படுத்திய அதே ஆசைதான் கட்டு அவிழ்ந்ததும் அவனை மறுபடி வாசலுக்கு அழைத்துப் போகிறது.

என் தொடர்கதை புத்தகமாக மறுபதிப்பு வரப்போகிறது. கடைசியில் ஓர் அத்தியாயம் சேர்த்து, அந்தப் பையனை ஆறு மாதம் திண்ணையில் உட்காரவைக்கலாமா என்று பதிப்பாளரிடம் கேட்டேன். "வேண்டாம், சார். அப்புறம் யார் படிப்பார்கள்?" என்றார்.

டாக்டர் எனக்குச் சொன்னது மூன்று வாரம் மாடி ஏறக்கூடாது என்று. பதினோராம் நாள், மேலே வைத்திருந்த கிளேட்டன் சம்பந்தமான குறிப்புகள் தேவைப்பட்டன. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். இறங்கும்போது கடைசிப் படி எங்கே என்று இந்தத் தடவை எண்ணிக்கொண்டே வந்தேன்.