நான் திருத்திய 0.2 மில்லிமீட்டர்

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு பொய் எழுதினேன். யாரும் தண்டிக்கவில்லை. ஆனாலும் இன்றுவரை அது மனதில் கிடக்கிறது.

ரொறன்ரோவில் அது ஜனவரி மாதம். ஆய்வுகூடத்தில் எங்களுக்குத் தந்த வேலை தண்ணீரின் பாகுநிலையைக் கணக்கிடுவது. சீனிப்பாகு தெரியும்தானே? அந்தப் 'பாகு'தான் இந்தச் சொல்லிலும் இருக்கிறது. ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு தயங்குகிறது என்பதற்கான அளவுதான் பாகுநிலை.

செய்முறை எளிது. ஒடுங்கிய குழாய் ஒன்றில் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு நான்கு விஷயங்களை அளக்க வேண்டும்: குழாயின் நீளம், உள்விட்டம், இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, ஒரு செக்கனில் வெளிவரும் தண்ணீரின் அளவு. இவற்றைச் சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும்.

எனக்கு 1.3 மில்லிபாஸ்கல் செக்கன் வந்தது. புத்தக அட்டவணையில் 1.0 என்று இருந்தது. மூன்று தரம் கணக்குப் போட்டும் அதே 1.3தான். கடைசியில் குழாயின் விட்டத்தை 3 மில்லிமீட்டரில் இருந்து 2.8 ஆக மாற்றி எழுதினேன். விடை 0.99 ஆகிவிட்டது!

0.2 மில்லிமீட்டர் எப்படி இவ்வளவு வேலை செய்தது? அந்த விடையைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு மருத்துவரான ழோன் லெயோனார் மாரி புவாசேய். 1797இல் பாரிஸில் பிறந்தவர். நம் உடலின் மிக நுண்ணிய குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிவதே அவருடைய நோக்கம். உடலை விட்டு வெளியே எடுத்தால் இரத்தம் உறைந்துவிடும். அதனால் தலைமயிரை விட ஒடுங்கிய துளையுள்ள கண்ணாடிக் குழாய்களைக்கூட எடுத்து, அவற்றில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார்.

அழுத்தம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கிறது. நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதியாகிறது. விட்டத்தின் கதை வேறு. அது இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்காகிறது! ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு மாறுகிறது. விட்டத்தில் 1 சதவீதம் பிழைத்தாலே பாகுநிலையில் ஏறத்தாழ 4 சதவீதம் பிழைத்துவிடும். ஹாகன் என்ற ஜெர்மன் பொறியியலாளரும் பித்தளைக் குழாய்களை வைத்துத் தனியாக ஆராய்ந்து, 1839இல் இதே உறவை வெளியிட்டிருந்தார். புவாசேயின் முடிவுகள் 1840இல் இருந்து வரத் தொடங்கின. முழுக் கட்டுரை வெளிவந்தது 1846இல். பாகுநிலையை அளக்கும் 'பொய்ஸ்' என்ற அலகு அவர் பெயரில் இருந்து வந்ததுதான்.

என் அறிக்கை திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "தண்ணீரின் வெப்பநிலை என்ன?"

நான் அதை அளக்கவே இல்லை. அட்டவணையில் இருந்த 1.0, 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. நான் பிடித்தது குளிர்காலக் குழாய்த்தண்ணீர், தொட்டால் விரல் விறைக்கும். 10 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை எவ்வளவு தெரியுமா? 1.31. என் முதல் அளவீடு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. சரியானதை அழித்துவிட்டுப் பிழையானதை எழுதியிருக்கிறேன்.

புவாசேய் வெப்பநிலையையும் விட்டுவைக்கவில்லை. அதற்கென்று ஒரு சூத்திரமே தந்திருக்கிறார். அதில் 10, 20 இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஓட்டம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது. இன்றைய அட்டவணையும் அதையேதான் சொல்கிறது. ஏன், அம்மா பயத்தம் பணியாரத்துக்குப் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருந்தாலே போதும். அடுப்பில் இருக்கும்போது ஓடுகிற பாகு, ஆறியதும் கரண்டியை விட்டு இறங்காது. தண்ணீரும் அப்படித்தான், நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

அட்டவணையில் இருந்த அந்த எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பு 20 டிகிரிக்கு 1.005 என்று வைத்திருந்தார்கள். அமெரிக்கத் தேசியத் தரநிர்ணயப் பணியகத்தில் சுவிண்டெல்சும் அவருடைய சகாக்களும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அளந்து, 1952இல் அதை 1.002 என்று திருத்தினார்கள். வித்தியாசம் வெறும் 0.3 சதவீதம். அதற்காக அவர்கள் 20 ஆண்டுகள் செலவழித்தார்கள். 30 சதவீத வித்தியாசத்தை நான் ஓர் அழிறப்பரால் முடித்துவிட்டேன்.

இப்போது நான் வேலை செய்வது கணினித் தரவுகளோடு. எதிர்பாராத எண் ஒன்று வந்தால், "இது பிழை, தூக்கிவிடுவோம்" என்று யாராவது சொல்வார்கள். சில வேளை அது உண்மையிலேயே பிழைதான். ஆனாலும் தூக்குவதற்கு முன், எதை அளக்காமல் விட்டோம் என்று ஒரு தரம் கேட்டுப் பார்ப்பேன். உங்கள் ஆய்வுகூடத்திலும் விடை ஒத்துவராத ஒரு நாள் வரும். அன்று வந்த எண்ணை வந்தபடியே எழுதுங்கள். பக்கத்தில் வெப்பநிலையையும் எழுத மறக்காதீர்கள்.