ஒயின் திராட்சையின் தரத்தைத் தீர்மானிக்கும் வானிலை: நாசிக் தோட்டங்களின் ஓராண்டுக் கணக்கு

நாசிக்: ஒயின் புட்டியின் மீது அச்சிடப்படும் ஆண்டு, அது புட்டியில் அடைக்கப்பட்ட ஆண்டு அன்று; திராட்சை பறிக்கப்பட்ட ஆண்டாகும். ஒரே தோட்டத்தில், ஒரே கொடியில் விளைந்த பழமாயினும் ஆண்டுதோறும் அதன் இனிப்பும் புளிப்பும் நிறமும் மாறுபடுகின்றன. மழை, வெயில், குளிர் ஆகியவை எந்த மாதத்தில் எந்த அளவில் அமைந்தன என்பதே இந்த வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம்.

இந்தியாவில் திராட்சை உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் மாநிலம் மகாராஷ்டிரம். அங்குள்ள நாசிக் மாவட்டம் நாட்டின் ஒயின் தயாரிப்புக்கு மையமாக விளங்குகிறது. செனின் பிளாங்க், சாவிஞோன் பிளாங்க், ஷிராஸ், கேபர்நே சாவிஞோன் ஆகிய ஒயின் ரகங்கள் இங்குப் பயிரிடப்படுகின்றன.

இரண்டு கவாத்து, ஓர் அறுவடை

ஐரோப்பாவில் கடுங்குளிர் காலத்தில் திராட்சைக் கொடி இலைகளை உதிர்த்து உறக்கநிலைக்குச் செல்கிறது. வசந்த காலத்தில் துளிர்த்து, பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. அங்குத் துளிர் விடும் பருவத்தில் விழும் உறைபனியே பெரும் அச்சம். 2021 ஏப்ரலில் பிரான்ஸ் நாட்டின் தோட்டங்கள் இத்தகைய உறைபனியால் பெரும் இழப்பைச் சந்தித்தன.

நாசிக் வட அட்சரேகை 20 டிகிரியை ஒட்டி, தக்காணப் பீடபூமியில் அமைந்துள்ளது. இங்குக் கொடிக்கு இயற்கையான உறக்கநிலை கிடையாது. எனவே விவசாயிகள் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து கொடியின் பருவத்தைத் தாங்களே நிர்ணயிக்கின்றனர். ஏப்ரலில் செய்யப்படும் முதல் கவாத்து புதிய கிளைகளை வளர்ப்பதற்கானது. பருவமழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யப்படும் இரண்டாவது கவாத்து காய்ப்புக்கானது. அதன்பின் நான்கு முதல் ஐந்து மாதங்களில், அதாவது ஜனவரி முதல் மார்ச் வரை, அறுவடை நடைபெறுகிறது.

கோடையிலேயே உருவாகும் விளைச்சல்

ஜனவரியில் பறிக்கப்படும் பழக்கொத்து, முந்தைய கோடையிலேயே மொட்டுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஏப்ரல் கவாத்துக்குப் பிந்தைய வாரங்களில் வளரும் கிளைகளின் மொட்டுகளில், பூங்கொத்துக்கான கரு அமைகிறது. இதற்கு நல்ல வெயிலும் வெப்பமும் தேவை. அப்போது வானம் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் பல மொட்டுகள் கொத்து இல்லாத வெறும் தளிர்களாகவே வெளிவரும்.

2025-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை மே 26-ஆம் தேதியே மும்பையை எட்டியது. வழக்கமான தேதி ஜூன் 11. இவ்வாறு கோடை மழை முன்கூட்டியே வரும் ஆண்டுகளில், அறுவடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே விளைச்சலின் அளவு குறையத் தொடங்கிவிடுகிறது. சேதம் கண்ணுக்குத் தெரிவதோ அக்டோபர் கவாத்துக்குப் பிறகு, மொட்டுகள் துளிர்க்கும்போதுதான்.

கவாத்துத் தேதியில் உள்ள இடர்

காய்ப்புக் கவாத்தை எந்த நாளில் செய்வது என்பதே விவசாயி எடுக்கும் மிக முக்கியமான முடிவு. முன்கூட்டியே செய்தால், இளந்தளிர்களும் பூக்களும் பருவமழையின் கடைசிப் பொழிவில் சிக்கக்கூடும். இலைகளில் ஈரம் நீடித்தால் அடிச்சாம்பல் நோய் பரவி, சில நாட்களிலேயே பூங்கொத்துகளை அழித்துவிடும். தாமதித்தால் பழம் மார்ச் மாத வெயிலில் முதிர நேரிடும்.

தேதியைச் சரியாகத் தேர்ந்தாலும் இடர் முழுமையாக நீங்குவதில்லை. 2023 நவம்பர் 26-ஆம் தேதி நாசிக் மாவட்டத்தில் ஆலங்கட்டியுடன் பெய்த பருவம் தவறிய மழையில் நிபாட் உள்ளிட்ட பகுதிகளின் திராட்சைத் தோட்டங்கள் சேதமடைந்தன. பழுத்த நிலையில் மழை பெய்தால், பழம் நீரை உறிஞ்சி இனிப்பு நீர்த்துப்போகும். தோல் வெடித்து, அழுகலும் பூஞ்சையும் பற்றும்.

இனிப்புக்கும் புளிப்புக்கும் இடையே

பழம் முதிரும்போது சர்க்கரை கூடுகிறது, அமிலம் குறைகிறது. நொதித்தலின்போது லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹாலாக மாறுகிறது. ஆகவே சர்க்கரையின் அளவே ஒயினின் வீரியத்தை நிர்ணயிக்கிறது. அமிலமோ அதன் சுவைக்குத் தெளிவையும், கெடாமல் நிற்கும் தன்மையையும் அளிக்கிறது.

திராட்சையில் உள்ள மாலிக் அமிலம் வெப்பத்தில் விரைந்து குறையும். டார்டாரிக் அமிலம் பெரும்பாலும் நிலைத்து நிற்கும். பகலில் வெயிலும் இரவில் குளிரும் கலந்த ஜனவரி மாதம் நாசிக்குக் கிடைத்த வரம். அத்தகைய ஆண்டில் இனிப்பும் புளிப்பும் சமநிலையில் சேர்கின்றன. சிவப்பு ரகங்களில் நிறம் ஆழமாகப் பதிகிறது. குளிர்காலம் வெப்பமாகிவிட்டால் மணமும் நிறமும் முழுமை பெறும் முன்பே சர்க்கரை உச்சத்தை எட்டிவிடுகிறது. அப்போது ஆலைகள் அறுவடையை முன்கூட்டி நடத்துகின்றன. வெயில் ஏறும் முன் பழத்தைப் பறிக்கின்றன. தேவைப்படின் டார்டாரிக் அமிலத்தையும் சேர்க்கின்றன.

அளவு மீறிய குளிரும் தீங்கானதே. நிபாட் பகுதியில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கும் நாட்களில் கொடியின் வளர்ச்சி தடைபடுகிறது. அத்தகைய இரவுகளில் விவசாயிகள் தோட்டத்தில் தீ மூட்டியும் நீர் பாய்ச்சியும் கொடிகளைக் காக்கின்றனர்.

இழப்பு யாருடையது?

ஒயின் திராட்சையின் பெரும்பகுதி, ஆலைகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட விவசாயிகளால் பயிரிடப்படுகிறது. ரகமும் சர்க்கரை அளவும் விலையை நிர்ணயிக்கும் காரணிகள். உண்ணும் திராட்சை ஒரு சந்தையில் விலைபோகாவிட்டால் மற்றொரு சந்தைக்கோ, உலர்திராட்சை தயாரிப்புக்கோ செல்லலாம். விதையும் தடித்த தோலும் கொண்ட சிறிய ஒயின் பழத்துக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஆலை ஏற்க மறுத்தால் ஓராண்டு உழைப்பு கொடியிலேயே வீணாகும்.

மகாராஷ்டிரத்தில் வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் திராட்சையும் இடம்பெற்றுள்ளது. இதில் தோட்டத்தின் உண்மையான சேதம் அளவிடப்படுவதில்லை. அருகிலுள்ள வானிலை நிலையத்தில் பதிவான மழையும் வெப்பநிலையும் வரையறுக்கப்பட்ட அளவைத் தாண்டினால் மட்டுமே இழப்பீடு கிடைக்கும். ஒரு கிராமத்தில் கொட்டிய மழை, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையத்தில் பதிவாகாமல் போனால், பயிரை இழந்த விவசாயிக்கு இழப்பீடும் இல்லாமல் போகக்கூடும்.

கவாத்து முறை நாசிக் விவசாயிகளுக்குப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அளித்தது. மழைக்காலம் முன்னும் பின்னும் நீளும் ஆண்டுகளில், அந்த வாய்ப்புக்கான நாட்கள் சுருங்குகின்றன.