கடனும் கடன் மதிப்பெண்ணும்: விருதுநகர் – சிவகாசி வட்டாரம்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் வணிகம், தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் ஆகியவற்றைச் சார்ந்து வளர்ந்த கடன் முறைகளையும், கடன் அட்டை உள்ளிட்ட பல கடன்களை ஒரே வேளையில் கையாண்டு கடன் மதிப்பெண்ணைக் காக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. இப்பகுதி முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985இல் தனி மாவட்டமானது. மழை குறைந்த கரிசல் நிலமாதலால் வேளாண்மை வருவாய் நிலையற்றது. கடனும் வணிகமுமே இப்பகுதியை வாழவைத்தன.

தொடக்க வரலாறு

19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி (1923 முதல் விருதுநகர்), அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்தனர். மாட்டுவண்டிகளும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்கும் மதில் சூழ்ந்த இடங்கள் அவை. பேட்டைக்கு வந்து போகும் சரக்கின்மீதும் வணிக வருவாயிலும் சிறு பங்கு மகமையாகப் பெறப்பட்டது. மகமைப் பணத்தை, ஊர் நாடார்களின் அமைப்பான உறவின்முறை நிர்வகித்தது. அதன் பொறுப்பாளர்களான முறைகாரர்கள் வசூலித்துக் கணக்கு ஒப்படைத்தனர். கிணறு, கோயில், சந்தை, பள்ளி எனப் பொதுச் செலவுகள் இந்நிதியிலிருந்து நடந்தன. காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை இத்தகைய பொது நிதியாலும், வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியாலும் வளர்ந்தது.

உறவின்முறை கடன் கொடுக்கும் நிறுவனமாகத் தோன்றவில்லை. ஆயினும் ஒருவர் வாக்குத் தவறாதவரா, கெடுவில் பணம் கட்டுபவரா என்பதை ஊரே அறிந்திருக்கும் நிலையை அது உண்டாக்கியது. மண்டிக் கடைக்காரர் கைச்சீட்டின்றிச் சரக்குக் கொடுத்ததற்கு இந்த அறிவே ஈடாக நின்றது. இன்றைய கடன் மதிப்பெண் செய்யும் வேலையை அன்று உறவின்முறை செய்தது.

1910இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கத்தின் முயற்சியால் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பதிவு பெற்று, அவ்வாண்டு நவம்பர் 11இல் செயல்படத் தொடங்கியது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ண மத்தாப்பு, பட்டாசு, அச்சு எனத் தொழில்கள் கிளைத்தன.

கடன் வகைகள்

இவ்வட்டாரத்தில் புழங்கும் கடன்களை ஏழாகப் பிரிக்கலாம்.

1. கைமாற்று: உறவினரும் நண்பரும் வட்டியின்றியோ சிறு வட்டிக்கோ தருவது. எழுத்து இராது.

2. முன்பணம்: ஆலையில் வேலைக்குச் சேரும்போது தொழிலாளி பெறும் தொகை; கூலியில் கழிக்கப்படும். வேறு ஆலைக்கு மாறுவதை இது கடினமாக்குகிறது.

3. சரக்குக் கடன்: ஆலையிலிருந்து வியாபாரி பட்டாசை எடுத்துத் தீபாவளிக்குப் பின் கணக்கு முடிப்பது.

4. அடகு: தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டம் 1943க்கு உட்பட்ட அடகுக் கடைகளோ, வங்கிகளோ நகையின்மீது தருவது. குறைந்த வட்டியில் விரைவாகக் கிடைப்பது வங்கி நகைக்கடனே.

5. தண்டலும் கந்து வட்டியும்: தண்டலில் 10,000 ரூபாய்க்கு 1,000 முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிப்பது பழக்கமான கணக்கு. கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி போன்ற கொடிய வட்டிகளைத் தமிழ்நாடு அரசின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது.

6. சீட்டும் குழுக்கடனும்: பதிவு பெற்ற சீட்டுகள் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கின்றன. மகளிர் குழுக்கடனும் நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக் கடனும் பரவலானவை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு ஈடின்றி வழங்குவதே நுண்கடன் என 2022இல் ரிசர்வ் வங்கி வரையறுத்தது. குடும்பத்தின் மாதத் தவணைகள் அனைத்தும் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

7. கடன் அட்டை: வட்டியில்லாக் கால அளவுடன் தொடங்கி, கெடு தவறினால் இப்பட்டியலிலேயே அதிக வட்டி கொண்டவற்றுள் ஒன்றாகிவிடுவது.

முதல் மூன்றும் தண்டலும் மதிப்பெண்ணில் பதிவாவதில்லை. எனவே, பல்லாண்டு ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர்கூட வங்கியின் கண்ணுக்குக் கடன் வரலாறு இல்லாதவராகவே தெரிகிறார்.

கடன் மதிப்பெண்

கடன் தகவல்களைத் திரட்டி மதிப்பெண் தரும் சிபில் நிறுவனம் 2000இல் தோன்றியது. கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவை ஏனைய மூன்று கடன் தகவல் நிறுவனங்கள். மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். கெடு தவறாமை, அட்டையின் கடன் வரம்பான லிமிட்டில் பயன்படுத்திய பங்கு, கடன் வரலாற்றின் வயது, அண்மையில் விண்ணப்பித்த கடன்கள் ஆகியவை அதைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறான பதிவைப் பற்றிய புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

பல அட்டைகளைக் கையாளுதல்

அட்டைக்கு மாத வட்டி 3.5 விழுக்காடு என்று கொண்டால், 50,000 ரூபாய் பாக்கிக்கு வட்டி 1,750. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 315. மாதம் 2,500 மட்டும் கட்டுபவருக்கு அசலில் குறைவது 435 ரூபாயே. பாக்கி நிற்கும் அட்டையில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே அந்த அட்டையைத் தேய்ப்பதை நிறுத்துவதே முதல் வேலை.

அடுத்து, எல்லா அட்டைகளுக்கும் மினிமம் தொகையைத் தவறாது கட்டி, மிஞ்சிய பணம் முழுவதையும் அதிக வட்டி கொண்ட அட்டையில் செலுத்த வேண்டும். வங்கி நகைக்கடன் பெற்று அட்டைப் பாக்கியை முடிப்பது லாபமே. ஆனால் நகையை மீட்கும் கெடுவையும் அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். பட்டாசுத் தொழிலாளரின் வருவாய் தீபாவளியையொட்டிக் குவிந்து, பின்னர் ஆலை மூடும் வாரங்களிலும் மழை நாள்களிலும் வற்றுகிறது. போனஸ் கைக்கு வந்ததும் அட்டைக் கடனை அடைத்து, வேலையில்லா வாரங்களின் மினிமம் தொகையைத் தனியே ஒதுக்குவது இவ்வட்டாரத்துக்குப் பொருந்தும் முறை.

லிமிட்டில் 30 விழுக்காட்டுக்குள் செலவை வைப்பது நல்லது. 60,000, 40,000 லிமிட் கொண்ட இரு அட்டைகளில் 30,000 ரூபாய் பாக்கி இருந்தால் பயன்பாடு 30 விழுக்காடு. இரண்டாவதை மூடினால் அது 50 ஆகிவிடும். எனவே, ஆண்டுக் கட்டணமில்லாத பழைய அட்டையை வைத்திருப்பதே மேல். மூட விரும்பினால், பாக்கி முழுவதும் கட்டப்பட்டிருக்கும்போது வங்கி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் இழப்பீடு.

உறவினரின் கடைச் சரக்குக்குத் தன் அட்டையைத் தேய்த்துக் கொடுப்பதும், ஜாமீன் கையெழுத்திடுவதும் இங்கு இயல்பு. இவற்றின் சுமை அட்டை கொடுத்தவரின், கையெழுத்திட்டவரின் அறிக்கையிலும் ஏறும். பாதித் தொகைக்குப் பேசி முடித்த கடன் 'செட்டில்டு' என்றே பதிவாகும். முழுமையாக அடைத்த கடனுக்கு அது ஈடாகாது. கடன் தகவல் குறைந்தது ஏழு ஆண்டு காக்கப்படுகிறது. வங்கி முப்பது நாளில் புகாரைத் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம்.

இன்றைய நிலை

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்ந்த பட்டாசுகளைத் தடைசெய்தது முதல் உற்பத்தியும் வருவாயும் ஏறி இறங்குகின்றன. 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம், கடன் அட்டை வட்டிக்கு நுகர்வோர் ஆணையம் 2008இல் வகுத்த 30 விழுக்காட்டு உச்சவரம்பை நீக்கியது. கடன் விவரங்களைப் பதினைந்து நாளுக்கொரு முறை புதுப்பிக்கும் விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் கடனைக் கட்டாயப்படுத்தி வசூலிப்பதைத் தடுக்கும் மாநிலச் சட்டமும் வந்தது.