நரம்பியல் பன்மை

மனித மூளைகள் கவனிப்பதிலும் கற்பதிலும் பிறரோடு பழகுவதிலும் பல விதமாக இயங்குகின்றன. ஆட்டிசம், டிஸ்லெக்சியா, ஏடிஎச்டி ஆகியவையும் அந்த விதங்களுள் அடங்கும் என்னும் கருத்தே நரம்பியல் பன்மை. இதை உருவாக்கியதில் மருத்துவர்களைவிட, 1990களில் தங்களுக்குள் விவாதித்துக்கொண்ட ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கே பங்கு அதிகம். பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் துக்கம் காக்க வேண்டாம் என்று 1993இல் ஜிம் சின்கிளேர் பெற்றோருக்கு எழுதினார். 1998இல் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் ஆய்வேடும் அமெரிக்க எழுத்தாளர் ஹார்வி புளூமின் இதழ்க் கட்டுரையும் அந்தப் பெயரைப் பரப்பின. குறையே கிடையாது என்று சாதிக்கும் கட்சி இது என்று பலர் நினைக்கிறார்கள். இக்கருத்தின் வலுவான வடிவம் கேட்பது அதைவிட அடக்கமானது: ஒருவர் படும் சிரமத்தை அளக்கும்போது அவர் மூளையோடு அவர் இருக்கும் இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

இந்த வாதம் தாமதமாக வந்ததற்கு வரலாறு ஒரு காரணம். பால்டிமோரில் லியோ கேனர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஆட்டிசம் தனி நிலையாக அறியப்பட்டது. விரைவிலேயே பழி தாயின் தலையில் விழுந்தது. பாசம் காட்டாத தாயே காரணம் என்ற கோட்பாட்டை புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல்கூட நூலாக எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் அதை 1964இலேயே உயிரியல் சான்றுகளோடு மறுத்திருந்தும்கூட. ஒருவழியாகத் தாய் தப்பினாள், பழி பிள்ளையின் மூளைக்கு இடம் மாறியது. வகுப்பறை இரைச்சலும் தேர்வு முறையும் விசாரணைக்கு வரவில்லை. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கு அளவு மீறி வினையாற்றுவது அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் ஆட்டிச வரையறையில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டதே 2013இல்தான்.

இடத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை, வாசிப்பைக் கடினமாக்கும் டிஸ்லெக்சியா தெளிவாகக் காட்டுகிறது. எரால்டோ பாவ்லேசுவும் சக ஆய்வாளர்களும் 2001இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டது. படிக்கும்போது எடுத்த பெட் ஸ்கேனில், மூன்று நாட்டினருக்கும் மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதி மந்தமாக இருந்தது. வாசிப்பில் மட்டும் இத்தாலியர்கள் மற்றவர்களை முந்தினார்கள். இத்தாலிய மொழியில் எழுத்துக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். ஆங்கிலத்திலோ தோ, த்ரூ, காஃப் என்ற மூன்று சொற்களும் அதே நான்கு எழுத்துகளில் முடிகின்றன, ஒலி மட்டும் மூன்று விதம். ஒலிகளை நினைவில் வைக்கும் சோதனைகளில் இத்தாலியர்களும் சறுக்கினார்கள், ஆகவே மூளையில் உள்ள வேறுபாடு பொய்யில்லை. அது எவ்வளவு பெரிய தடையாகிறது என்பதில் எழுத்துமுறைக்கும் கை இருக்கிறது.

பிறரோடு பழகுவது பற்றிய சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இரு பக்கமும் புரியாமை உண்டு என்று ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் வாதிட்டார். 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழு ஒரு கதையை எட்டுப் பேர் சங்கிலியாகச் சொல்லவைத்துச் சோதித்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியில் கதை மற்றவர்களுடையதைப் போலவே நன்கு கடந்தது. கலந்த சங்கிலிகளில் அதிகம் சிதைந்தது. 2025இல் வெளியான பெரிய ஆய்வில் கலந்த சங்கிலிகளிலும் வித்தியாசம் தெரியவில்லை. எனவே மில்டனின் வாதம் முழுமையாக நிரூபணமாகிவிட்டது என்று சொல்வது அவசரம். ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் செய்தியைக் கடத்தத் தெரியாது என்ற பழைய எண்ணத்துக்கு இரண்டு ஆய்வுகளிலுமே ஆதரவு இல்லை.

கடுமையான ஆட்சேபம் பெற்றோரிடமிருந்து வருகிறது. பேச்சு வராமல், நாள் முழுக்கத் துணை தேவைப்படும் பிள்ளையை வளர்ப்பவருக்குப் பன்மை என்ற பேச்சு கேலியாகப் படலாம். 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் இத்தகையோருக்கென்று 2021இல் தனிப் பிரிவுப் பெயரே பரிந்துரைத்தது. கணினித் துறையின் மேதைகளை மட்டும் முன்னிறுத்தும் விளம்பர வகைப் பன்மை இந்த ஆட்சேபத்தின்முன் நிற்காது, நிற்கவும் வேண்டாம். இத்தகைய பிள்ளைகள் சிலருக்கு வரும் வலிப்பை எந்த வகுப்பறை மாற்றமும் நிறுத்தாது; மருந்துதான் வேண்டும். ஆனால் படங்களைத் தொட்டுத் தன் தேவையைச் சொல்லும் பலகை, இரைச்சல் குறைந்த அறை, பராமரிப்பவருக்கு ஓய்வு ஆகியவை அந்தப் பிள்ளைக்கே அதிகம் தேவை. அவையும் இடத்தை மாற்றும் வேலைதான்.

இன்னொரு ஆட்சேபம் நியாயம் பற்றியது: சிலருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் தேர்வு என்னாவது? தேர்வு எதை அளக்க வந்தது என்பதைப் பொறுத்தது இது. வரலாற்று அறிவை அளக்க வந்த தாள் கையெழுத்து வேகத்தையும் சேர்த்து அளந்தால், பிழை தாளில் இருக்கிறது. இந்தியச் சட்டம் இதைப் பாதி ஏற்றிருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியல், 2016இல் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உட்பட 21ஆக வளர்ந்தது. ஏடிஎச்டிக்கு அதில் தனியிடம் இல்லை. இடஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு குறைபாடு என்ற சான்று வேண்டும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்பியல் சிக்கல் உள்ள ஒருவர் யுபிஎஸ்சி தேர்வில் தான் சொல்வதை எழுத ஆள் கேட்டுத் தொடுத்த வழக்கில், அந்த 40 விழுக்காட்டை இத்தகைய உதவிக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஒன்றிய அரசு அதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. எழுதச் சிரமப்படுகிறார் என்ற மருத்துவச் சான்று இப்போதும் தேவை. டிஸ்லெக்சியா என்று ஆசிரியர்கூட அறியாமல் கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அந்தச் சான்று கிடைப்பதில்லை.