நிலாவில் ஏறிய முயல், ராசியில் ஏறாத முயல்

2023 சீன நாட்காட்டியில் முயல் ஆண்டு. "உங்க சீன ராசி என்ன?" என்று அப்போ நம்ம ஃபோன்களில் எத்தனை படங்கள் வந்தன! 1999-லயும் 2011-லயும் பிறந்தவர்கள் முயல் என்று குஷியானார்கள். ஆனால் கண்டியில் வளர்கிற நமக்கு அதைவிடப் பக்கத்தில் ஒரு முயல் இருக்கிறது. நிலாவைக் காட்டி சிங்களப் பிள்ளைகள் "ஹந்த ஹாவா" என்பார்கள். ஹாவா என்றால் முயல். நம்ம வீடுகளில் அதே கறை, வடை சுடுற பாட்டி.

ஹாவாவின் கதை சச ஜாதகம். பாலி ஜாதகத் தொகுப்பில் 316ஆவது. காட்டில் முயல், குரங்கு, நரி, நீர்நாய் என நாலு நண்பர்கள். முயல் நிலாவைப் பார்த்து "நாளைக்கு உபோசதம்" என்று சொல்லும். இன்று நாம் லீவு எடுக்கிற போயாவின் பழைய பெயர் அது. பிராமண வேடத்தில் சக்கரன், அதாவது இந்திரன், பிச்சைக்கு வருகிறான். நீர்நாய் மீன் தருகிறது, குரங்கு மாம்பழம் தருகிறது. முயலிடம் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. நெருப்பு மூட்டச் சொல்லி, அதில் குதிக்கப் போகிறது. குதிக்குமுன் உடம்பை மூன்று தடவை உதறுகிறது, ரோமத்தில் இருக்கிற பூச்சிகள் சாகக்கூடாதே! கதையில் எங்களுக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். நெருப்போ பனி மாதிரி குளிர்கிறது. சக்கரன் ஒரு மலையைப் பிழிந்து, அந்தச் சாற்றால் நிலாவில் முயலை வரைகிறான். இந்த நற்செயல் ஒரு கல்பம் முழுக்கத் தெரியட்டும் என்பது அவன் எண்ணம்.

கண்டியில் நிலாவுக்கே அந்த வேலைதான். நாலு கோறளைக் கொடியில் சூரியனும் சந்திரனும் ஜோடியாக இருக்கும். காணிக் கொடைக் கற்களிலும் இந்த ஜோடியைச் செதுக்குவார்கள். அவை இருக்கும்வரை இந்தக் கொடையும் இருக்கும் என்று அர்த்தம். தமிழ்க் கல்வெட்டுகளில் இதையே "சந்திராதித்தவரை" என்று எழுதினார்கள். கண்டிக்குப் பக்கத்தில் 14ஆம் நூற்றாண்டு லங்காதிலக விகாரையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. அதே காலத்து கடலாதெனிய விகாரையைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி, தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்.

அப்போ சீன முயலும் இங்கேயிருந்து போனதுதானா? "எல்லாம் நம்மகிட்ட இருந்துதான் போச்சு" என்று ஃபார்வர்ட் அனுப்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். சீனாவின் ஷுய்ஹூதியில் 1975-ல் கிடைத்த மூங்கில் ஓலைகள் கி.மு. 217 அளவில் கல்லறையில் வைக்கப்பட்டவை. அதில் உள்ள விலங்குப் பட்டியலில் முயல் இருக்கிறது. மாவாங்துய் கல்லறையில் 1972-ல் எடுத்த பட்டுத் துணியில் பிறைநிலா மேல் தேரையும் முயலும். அது கி.மு. 168 அளவில். பௌத்தம் சீனாவுக்குப் போனதாகச் சொல்லும் காலத்துக்கு முந்தியவை இரண்டும். பிறகு 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காசிக்குப் பக்கத்தில் முயல் கதைக்கு ஒரு ஸ்தூபி இருந்ததை எழுதிவைத்தார். அவரது கதையில் நீர்நாய் இல்லை, மூன்றே விலங்குகள். இங்கேயிருந்து போன கதை அங்கே ஏற்கெனவே இருந்த முயலோடு சேர்ந்துகொண்டது என்றே எங்களுக்குப் படுகிறது.

அங்கே முயலுக்கு இரண்டு வேலை. நிலாவில் உரலில் மருந்து இடிக்கும், ஜப்பானில் என்றால் மோச்சி. ராசியிலோ 12 வருசத்துக்கு ஒரு தடவை முறை வரும். கொரியாவின் கியோங்ஜுவில் தளபதி கிம் யூசின் கல்லறையைச் சுற்றி 12 ராசி விலங்குகளும் மனித உடம்போடு, உடை உடுத்தி நிற்கின்றன. வியட்நாமில் மட்டும் முயலின் இடத்தில் பூனை!

நம்ம சாத்திரத்தில் 12 ராசியில் முயல் இல்லை. கல்யாணத்துக்குப் பார்க்கிற யோனிப் பொருத்தத்தில் எலி, கீரி, எருமை என 14 விலங்குகள் வரும், அங்கேயும் முயலுக்கு இடமில்லை. ஆனால் மொழிக்குள்ளே இருக்கிறது. சசம் என்றால் முயல், சசி என்றால் முயலை உடையது. பக்கத்து வீட்டு சசிகலா அக்கா பேரிலேயே ஹாவா உட்கார்ந்திருக்கு. நிலாக் கறைக்கு முயற்கறை என்றும் தமிழ் அகராதியில் பேர் உண்டு. அடுத்த போயாவுக்குப் பாட்டியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, நீண்ட ரெண்டு காதைத் தேடிப் பாருங்க.